முதல் வாடகை வீடு: 55 லட்சம் ஃபிளாட், 44 லட்சம் கடன் — கணக்கு சரியா?

புதுச்சாவி | பதிவு 1

வணக்கம் நண்பர்களே. குடியிருக்க அல்ல, வாடகைக்கு விடுவதற்காகவே ஒரு ஃபிளாட் பார்க்கிறேன். மடிப்பாக்கத்தில் 850 சதுர அடி, இரண்டு படுக்கையறை, மறுவிற்பனை, கட்டி 11 வருடம். விலை 55 லட்சம். அந்தத் தெருவில் வாடகை 17,000.

கையில் 19 லட்சம் இருக்கிறது. மாதம் கைக்கு வருவது 1,10,000. கார் லோன் 9,000, இப்போது குடியிருக்கும் வீட்டு வாடகை 16,000. வங்கி 44 லட்சம் தருவதாகச் சொல்கிறது. 8 சதவீத வட்டி, 20 வருடம். 11 லட்சம் நான் போட்டால் போதும், மிச்சம் 8 லட்சம் கையிருப்பு என்று நினைக்கிறேன். வாடகையே பெரும்பகுதி இ.எம்.ஐ-யைக் கட்டிவிடும் என்று புரோக்கர் சொல்கிறார். எதை விட்டுவிட்டேன்?

வட்டிக்கணக்கு | பதிவு 2

கையிருப்பு 8 லட்சம் நிற்காது. அதை முதலில் பார்ப்போம்.

வங்கி கடன் தருவது வீட்டின் விலைக்கு மட்டும். 30 லட்சம் வரையான கடனுக்கு 90%, அதற்கு மேல் 75 லட்சம் வரை 80%, அதையும் தாண்டினால் 75% என்பது ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு. முத்திரைத் தீர்வையும் பதிவுச் செலவும் இந்தக் கணக்கில் சேராது, முழுக்க உங்கள் கையிலிருந்துதான் போகும். மறுவிற்பனை ஃபிளாட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரை, மாற்றுத் தீர்வை சேர்த்து 7%, பதிவுக் கட்டணம் 2%. மொத்தம் 9%. உங்களுக்கு 4,95,000.

அதற்கு மேல் புரோக்கர் 1% என்றால் 55,000. வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வக்கீல், மதிப்பீட்டாளர், அடமானப் பதிவு எல்லாம் சேர்த்து 50,000 ஒதுக்குங்கள். 11 வருட வீட்டில் பாத்ரூம் கசிவு, பெயின்ட், ஒயரிங் என்று ஒன்றரை லட்சம் இல்லாமல் குடியமர்த்த முடியாது.

11 + 4.95 + 0.55 + 0.5 + 1.5 = 18.5 லட்சம். சாவி வாங்கும் நாளில் உங்களிடம் மிச்சம் 50,000.

அடுத்து மாதக் கணக்கு. 8%, 20 வருடத்துக்கு லட்சத்துக்கு இ.எம்.ஐ 836 ரூபாய். 44 லட்சத்துக்கு 36,803. வாடகையை 12 மாதத்துக்குப் போடாதீர்கள், 11 மாதத்துக்குப் போடுங்கள்; ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாகத்தான் கிடக்கும். 1,87,000. இதில் சொத்துவரி, காலி மாதத்தின் பராமரிப்பு, சில்லறை ரிப்பேர், புது ஆள் பிடிக்கத் தரகு எல்லாம் போக வருடம் 1,60,000 நின்றால் நல்லது. மாதம் 13,333.

மாதம் 23,500 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும். மொத்த முதலீடு 62.5 லட்சத்துக்கு நிகர வருவாய் இரண்டரை சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். கடன் வாங்குவது எட்டில். சென்னை ஃபிளாட்டில் வாடகை இ.எம்.ஐ-யைக் கட்டும் என்று யார் சொன்னாலும் பேனாவைக் கையில் கொடுத்து எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

இதைத் திருப்பியும் போடலாம். மாதம் 13,333 எவ்வளவு கடனைத் தாங்கும்? 13,333-ஐ 836-ஆல் வகுத்தால் 16 லட்சம். அந்த வீட்டின் வாடகை சுமக்கக்கூடிய கடன் அவ்வளவுதான். மீதி 28 லட்சத்தைச் சுமக்கப்போவது உங்கள் சம்பளம். எந்த வீட்டைப் பார்த்தாலும் விலை கேட்பதற்கு முன் இந்த வகுத்தலைச் செய்துவிடுங்கள்.

ஓரடிமனை | பதிவு 3

வாடகை ஒரே இடத்தில் நிற்காதே சார். வருடம் 5% ஏற்றினால் சில வருடத்தில் சமமாகிவிடும். இ.எம்.ஐ ஏறாது, வாடகை ஏறும். இதற்குத்தானே எல்லோரும் வாங்குகிறார்கள்?

வட்டிக்கணக்கு | பதிவு 4

போட்டுப் பார்த்துவிடுவோம். 17,000 வருடம் தவறாமல் 5% ஏறினால் 36,803-ஐத் தொட 16 வருடம் ஆகிறது. கடனே 20 வருடம். அதுவும் கட்டடம் பழசாகப் பழசாக ஒவ்வொரு வருடமும் 5% கிடைக்கும் என்ற நம்பிக்கையில்.

இ.எம்.ஐ ஏறாது என்பதும் பாதி உண்மைதான். மாறும் வட்டிக் கடன் இது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புது வீட்டுக்கடன் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவீட்டோடு கட்டப்பட்டிருக்கிறது. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அவை தங்கள் சொந்த அடிப்படை வட்டியை வைத்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வட்டி 8-லிருந்து 9 ஆனால் இ.எம்.ஐ 39,588 ஆகும். பெரும்பாலும் தொகையை ஏற்றாமல் தவணைக் காலத்தை நீட்டிவிடுவார்கள். அதே 36,803-ஐக் கட்டிக்கொண்டே போனால் 240 மாதம் 304 மாதமாகிறது. ஒரே ஒரு சதவீதத்துக்கு ஐந்து வருடத்துக்கு மேல். வட்டி ஏறும்போது இ.எம்.ஐ-யை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரிடம் வங்கி கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கேட்காவிட்டால் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. வருடம் ஒரு இ.எம்.ஐ கூடுதலாகக் கட்டுகிற அளவுக்கு மாதாமாதம் சேர்த்துக் கட்டினால் 240 மாதம் 200 மாதமாகச் சுருங்கும்.

புதுச்சாவி | பதிவு 5

18.5 லட்சம் என்று பார்த்ததும் திக்கென்றது. நன்றி. வருமான வரியில் கிடைக்கும் சலுகை இந்த 23,500-ஐ எவ்வளவு குறைக்கும்? டவுன் பேமென்ட்டில் கொஞ்சத்துக்குப் பர்சனல் லோன் போட்டுவிட்டு, கையிருப்பை வைத்துக்கொள்ளலாமா?

வட்டிக்கணக்கு | பதிவு 6

பர்சனல் லோன் வேண்டாம். வட்டியும் அதிகம், காலமும் குறைவு, அந்த இ.எம்.ஐ உங்கள் தகுதிக் கணக்கில் உட்கார்ந்து வீட்டுக்கடன் தொகையையே குறைத்துவிடும். எல்லா இ.எம்.ஐ-யும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் பாதியைத் தாண்டாமல் பார்ப்பது வங்கிகளின் பொதுவான வழக்கம். உங்களுக்குப் பாதி 55,000, கார் லோன் போக 46,000. வங்கி 44 லட்சம் தருவது இதனால்தான். வங்கி தரும் தொகை உங்களுக்குத் தாங்கும் தொகை என்று அர்த்தமில்லை. நீங்கள் இன்னும் 16,000 வாடகை கட்டிக் குடியிருக்கிறீர்கள்.

வரி: முதல் வருடம் நீங்கள் கட்டும் 4,41,636-இல் வட்டி மட்டும் சுமார் 3,48,600. அசல் 93,000 தான் குறையும். வாடகை 1,87,000-இல் நீங்கள் கட்டிய சொத்துவரி 5,000 என்று வைத்துக் கழித்தால் 1,82,000. அதில் 30% நிலைக்கழிவு போக 1,27,400. அதிலிருந்து வட்டியைக் கழித்தால் 2,21,200 நட்டம். பழைய முறையில் இதில் 2 லட்சம் வரை சம்பளத்தோடு ஈடு செய்யலாம், மிச்சத்தை அடுத்தடுத்த 8 வருடத்துக்கு எடுத்துச் செல்லலாம். 30% அடுக்கில் இருப்பவருக்கு, செஸ்ஸும் சேர்த்து, வருடம் 62,400 மிச்சம், மாதம் 5,200.

புதிய முறையில் வாடகை வருமானத்துக்கு வரி வராது, அவ்வளவுதான். நட்டத்தைச் சம்பளத்தோடு ஈடு செய்ய முடியாது. நீங்கள் புதிய முறையில் இருந்தால் அந்த 5,200 இல்லை. வீட்டுக்கடனுக்காகப் பழைய முறைக்குத் திரும்புவது லாபமா என்பதை மொத்த வருமானத்துக்கும் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தாய்ப்பத்திரம் | பதிவு 7

கணக்கு பேசியாயிற்று. காகிதத்துக்கு வருகிறேன். வாடகை குறைந்தால் சமாளிக்கலாம், பத்திரம் கோணலானால் விற்கவும் முடியாது.

ஃபிளாட் வாங்குகிறவர்கள் சதுர அடியைக் கேட்கிறார்கள், யூ.டி.எஸ் எவ்வளவு என்று கேட்பதில்லை. பிரிபடாத நிலப் பங்கு அது. கட்டடத்தின் மதிப்பு வருடாவருடம் தேய்கிறது, விலை ஏறுவது அந்த மண்ணுக்குத்தான். உங்கள் 850 அடிக்கு யூ.டி.எஸ் 400 அடி என்றால் ஒரு வீடு, 240 அடி என்றால் வேறு வீடு. அடுக்ககத்தில் உள்ள எல்லா ஃபிளாட்டின் யூ.டி.எஸ்-ஐயும் கூட்டிப் பாருங்கள். இரண்டு கிரவுண்ட் மனை என்றால் 4,800 சதுர அடி. கூட்டுத்தொகை 5,300 வந்தால், இல்லாத மண்ணை யாரோ விற்றிருக்கிறார். 4,300 வந்தால் மீதி 500 யார் பெயரில் நிற்கிறது? மொட்டைமாடியில் பின்னால் ஒரு வீடு எழும்பும் கதை பெரும்பாலும் அந்த 500-இல்தான் ஆரம்பிக்கும்.

சி.எம்.டி.ஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். தூண் தளமும் மூன்று மாடியும் என்று வரைபடம் சொல்லும், கட்டடம் நான்கு மாடி நிற்கும். நீங்கள் பார்ப்பது அந்த நான்காவது மாடியா? சொத்துவரி ரசீதும் மின் இணைப்பும் இருக்கிறதே என்பார்கள். வரி கட்டியதால் அனுமதி வந்துவிடாது. வங்கியின் மதிப்பீட்டாளர் பெரும்பாலும் இங்கேதான் கடனை நிறுத்துவார், அதற்குள் நீங்கள் அட்வான்ஸ் கொடுத்திருப்பீர்கள்.

வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்தில் 30 வருடத்துக்கு நீங்களே போடுங்கள், விற்பவர் கொடுக்கும் நகலை நம்ப வேண்டாம். சர்வே எண்ணை வைத்து ஒருமுறை, உட்பிரிவுக்கு முந்தைய பழைய சர்வே எண்ணை வைத்து இன்னொருமுறை. உட்பிரிவு எண்ணில் மட்டும் போட்டால் அதற்கு முந்தைய அடமானம் கண்ணில் படாமல் போகும். ‘உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு’ என்று, அதாவது பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியதாக, ஒரு பதிவு இருந்தால் அதற்குக் கீழே எங்காவது அதே வங்கியின் ‘ரசீது’ இருக்க வேண்டும். ஒப்படைப்பு இருந்து ரசீது இல்லையென்றால் கடன் தீர்ந்திருந்தாலும் பதிவேட்டில் வில்லங்கம் உயிரோடுதான் இருக்கிறது.

நிலம் வாரிசுகள் வழியாக வந்திருந்தால் வாரிசுச் சான்றிதழில் உள்ள பெயர் ஒவ்வொன்றும் பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணுங்கள். பொது அதிகாரம் பெற்றவர் விற்றிருந்தால், விற்ற தேதியில் அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருந்தாரா என்பதற்குச் சான்று வேண்டும்.

வங்கி லீகல் பார்த்துவிட்டதே என்று சும்மா இருக்காதீர்கள். வங்கியின் வக்கீல் வங்கியின் பணத்துக்குப் பார்க்கிறார். உங்கள் பணத்துக்கு நீங்கள் தனியாக ஒரு வக்கீலை வையுங்கள்.

புதுச்சாவி | பதிவு 8

விற்பவருக்கு இந்த வீட்டின் மேல் இன்னும் 12 லட்சம் கடன் இருக்கிறதாம். அசல் பத்திரம் அவருடைய வங்கியில். 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தால் பேச்சை முடிக்கலாம் என்கிறார். பத்திரத்தில் 45 லட்சம் காட்டலாம், மீதி ரொக்கமாகக் கொடுங்கள் என்றும் கேட்கிறார்.

தாய்ப்பத்திரம் | பதிவு 9

ரொக்கம் வேண்டவே வேண்டாம். நேர்மை ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கே உதைக்கும். வங்கி பத்திர விலைக்கும் தன் மதிப்பீட்டுக்கும் எது குறைவோ அதன் மேல்தான் கடன் தரும். 45 லட்சத்துக்கு 80% என்றால் 36 லட்சம். 8 லட்சம் கடன் போயிற்று, அதையும் நீங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டும். நாளைக்கு விற்கும்போது உங்கள் வாங்கிய விலை 45 தான், அந்த 10 லட்சத்துக்கும் மூலதன ஆதாய வரி உங்கள் தலையில். சொத்து விற்பனையில் 20,000-மும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் அந்தப் பணத்தைப் பெற்றவருக்கு அதே அளவு தண்டம் என்பதை அவருக்கும் சொல்லுங்கள்.

5 லட்சம் அட்வான்ஸ் அதிகம். ஒரு லட்சம் கொடுத்து, வங்கிக் காசோலை அல்லது கணக்குப் பரிமாற்றம் வழியாக, ஒப்பந்தம் போடுங்கள். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தம் பதிவு செய்யப்பட வேண்டியது; முத்திரைத்தாளில் கையெழுத்தோடு விட்டுவிடாதீர்கள். ‘சட்டரீதியான அல்லது கட்டடக் குறைபாட்டால் வங்கி கடன் மறுத்தால் முன்பணம் முழுவதும் 15 நாளுக்குள் திருப்பித் தரப்படும்’ என்ற வரி அதில் இருக்க வேண்டும். காலக்கெடு 90 நாள் கேளுங்கள். 45 நாளில் மறுவிற்பனைக் கடன் முடியாமல் இழுத்தால் அட்வான்ஸ் போய்விடும் என்று மிரட்ட இடம் கொடுக்க வேண்டாம்.

பழைய கடன் இருப்பது ஒன்றும் தடையில்லை. அவருடைய வங்கியிடம் இரண்டு காகிதம் வாங்கச் சொல்லுங்கள்: தங்களிடம் உள்ள ஆவணங்களின் பட்டியல், இன்ன தேதிக்குக் கட்ட வேண்டிய மொத்த பாக்கி. உங்கள் வங்கி அந்த 12 லட்சத்தை நேராக அந்த வங்கிக்கு அனுப்பும், மீதி விற்பவருக்குப் போகும். கடன் முழுக்கத் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈட்டுத்தொகை என்று 2023 டிசம்பரிலிருந்து விதி இருக்கிறது. ஆகவே இழுத்தடித்தால் அவரும் வாய் திறந்து கேட்கலாம்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்பதால் நீங்கள் 1% வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும், 55,000. விற்பவருக்குக் கொடுப்பதிலிருந்து கழிக்க வேண்டியது, கூடுதல் செலவு அல்ல. பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்டாவிட்டால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம் ஓடும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் இந்த 1% பொருந்தாது, பிடித்தம் மிக அதிகம். பான் எண்ணோடு அவருடைய வசிப்பு நிலையையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தெருமுனை | பதிவு 10

மடிப்பாக்கம் என்பதால் நான் ஒன்று சொல்கிறேன். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கம் தண்ணீர் நின்ற தெருக்கள் உண்டு, நிற்காத தெருக்களும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் சில நேரம் ஒரு திருப்பம்தான் தூரம். புரோக்கரைக் கேட்காதீர்கள், தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரைக் கேளுங்கள். கீழ்த்தளத்தில் மின் மீட்டர் பலகையைப் பாருங்கள். இடுப்பளவில் இருந்ததைக் கழற்றித் தலைக்கு மேல் ஏற்றியிருந்தால், சுவரில் பழைய ஆணித்துளைகள் தெரியும். அந்தத் துளைகள் உங்களுக்குப் பதில் சொல்லிவிடும்.

பராமரிப்புக் கட்டணம் கேட்கும்போது டிசம்பர் மாதத்து ரசீதைக் காட்டுவார்கள். ஏப்ரல், மே ரசீதைக் கேளுங்கள். போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்கும் மாதங்களின் கணக்கு அதில்தான் இருக்கும். சங்கத்திடம் ‘பாக்கி இல்லை’ என்ற கடிதமும் வாங்குங்கள்.

உங்கள் ஃபிளாட்டை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். கீழ் வீட்டுக் கதவைத் தட்டி அவர்கள் பாத்ரூம் கூரையைப் பாருங்கள். ஈரத்திட்டு இருந்தால் உங்கள் பாத்ரூம் தரையை உடைக்க வேண்டும். ஒன்றரை லட்சத்தில் பாதி அங்கேயே போகும்.

ஓரடிமனை | பதிவு 11

இவ்வளவு பாடு படுவதற்கு ஊருக்கு வெளியே மனை வாங்கிப் போட்டால் என்ன? ரிப்பேர் இல்லை, குடித்தனக்காரர் இல்லை.

வட்டிக்கணக்கு | பதிவு 12

வாடகையும் இல்லை. கேட்டவர் வாடகை வீடு கேட்கிறார், மனைக்குத் தனி இழை போடலாம்.

புதுச்சாவி, உங்கள் 19 லட்சத்துக்கு நான் பார்ப்பது வேறு அளவு. 38 லட்சத்துக்கு 600 அடி ஒற்றைப் படுக்கையறை, பழைய கட்டடம், யூ.டி.எஸ் நன்றாக இருப்பது, ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரம். கடன் 28 லட்சம் போதும். உங்கள் பங்கு 10, பதிவு 3.42, மற்ற செலவும் ரிப்பேரும் 1.9. மொத்தம் 15.3 லட்சம். மூன்றரை லட்சத்துக்கு மேல் கையில் நிற்கிறது, ஆறு மாத இ.எம்.ஐ-க்குத் தாராளம்.

இ.எம்.ஐ 23,420. வாடகை 12,500 என்றால் 11 மாதத்துக்கு 1,37,500, செலவு 20,000 போக மாதம் 9,790. கையிலிருந்து 13,600. முன்பு பார்த்த 23,500 எங்கே, இது எங்கே. ஒரு வருடம் வேலை ஆட்டம் கண்டாலும் இதை இழுத்துவிடலாம். கட்டடம் 25 வருடத்தைத் தாண்டியிருந்தால் வங்கி 20 வருடத் தவணை தராமல் போகலாம், அதை முதலிலேயே கேளுங்கள்.

கடன் கையெழுத்திடும் மேசையில் ஒரு இன்ஷூரன்ஸ் விண்ணப்பமும் நடுவில் இருக்கும். ஒரே தவணைப் பிரீமியம், அதையும் கடனில் சேர்த்து 20 வருடம் வட்டி போடுவார்கள். அது கட்டாயம் இல்லை. அதே தொகைக்குத் தனியாக டேர்ம் பாலிசி எடுத்தால் மலிவு. ஆயுள் காப்பீடு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, அதைக் கடனுக்குள் திணிப்பதில்தான்.

புதுச்சாவி | பதிவு 13

இரண்டு நாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 55 லட்சத்தை விட்டுவிடுகிறேன். ஆதம்பாக்கத்தில் ஒரு ஒற்றைப் படுக்கையறை வீடு வந்திருக்கிறது, கேட்பது 39. உள்ளே ஏற்கனவே ஒரு குடும்பம் குடியிருக்கிறது. ‘ஆளோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், முதல் மாதத்திலிருந்தே வாடகை’ என்கிறார்கள். நல்லதுதானே?

தாய்ப்பத்திரம் | பதிவு 14

அவர்கள் வாடகையில் இருக்கிறார்களா, லீஸில் இருக்கிறார்களா? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். 7 லட்சம் கொடுத்து மாத வாடகை இல்லாமல் குடியிருக்கும் லீஸ் ஒப்பந்தம் பதிவு செய்யாமல் இருந்தால் வில்லங்கச் சான்றிதழில் வராது. வாங்கிய பிறகு அந்த 7 லட்சத்தைக் கொடுத்தால்தான் வீட்டைக் காலி செய்வோம் என்று நியாயமாகவே சொல்வார்கள். விற்பவர் இல்லாத நேரத்தில் போய்க் குடியிருப்பவரிடமே கேளுங்கள், ஒப்பந்தத்தைக் கண்ணால் பாருங்கள்.

வாடகைதான் என்றால் அவர்கள் கொடுத்த அட்வான்ஸை விலையிலிருந்து கழியுங்கள். 75,000 வாங்கியிருந்தால், நாளைக்கு அதைத் திருப்பித் தரப்போவது நீங்கள். பத்திரத்தன்றே மூவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் போட்டுவிட்டால் பின்னால் பேச்சே இருக்காது. அந்தக் குடும்பம் இப்போது கட்டும் வாடகை தெரு நிலவரத்துக்குக் குறைவாக இருந்தால், உங்கள் கணக்கில் அந்தக் குறைந்த தொகையைத்தான் போட வேண்டும்.

புது ஒப்பந்தம் உங்கள் பெயரில் எழுத்தில் போடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், வாடகை அதிகாரியிடம் பதிவும் வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். 11 மாதத்துக்குப் போட்டால் இது தேவையில்லை என்று ஜெராக்ஸ் கடையில் சொல்வார்கள். சார்பதிவாளர் பதிவுக்கு உள்ள விதியை இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைதான் முன்பணம்.

தெருமுனை | பதிவு 15

பத்திரப்பதிவு நாளன்று மின் மீட்டரின் அளவை இணைப்பு எண்ணோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரையான பாக்கி அவருடையது. மின் இணைப்பு, சொத்துவரி, குடிநீர் வரி மூன்றுக்கும் பெயர் மாற்ற அவருடைய கையெழுத்து வேண்டியிருந்தால் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு போனை எடுப்பார் என்று நம்பி இருக்க வேண்டாம். ஆதம்பாக்கம் வீட்டுக்கும் அந்த இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்டீர்களா?